கீரைப் பாத்திக்கு நான் பூசிய மஞ்சள்

பிலோமி அக்கா ஈரக் கையோடு வந்து என் வரைபடத்தைத் தொட்டார்.

சமூகக்கூடத்தின் சுவரை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு தொங்கியது அந்த வரைபடம். கொருக்குப்பேட்டையில் எங்கள் வட்டத்தின் சந்துகள், கால்வாய், தண்டவாளம், கூட்ஸ் யார்டு, தண்ணீர்த் தொட்டி, கோயில், மசூதி, மாதா கெபி எல்லாம் அதில் இருந்தன. மாதக்கணக்கில் வெயிலில் அலைந்து நான் வரைந்தது. யாராவது அதன் மேல் கை வைத்தால் எனக்கு உள்ளுக்குள் பதறும். அன்றைக்கும் பதறியது. அக்காவின் விரல் போன வழியெல்லாம் ஈரக்கோடு விழுந்தது.

விரல் கால்வாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வடக்கே போனது. இரும்புப் பாலத்தைத் தாண்டியது. தண்டவாளம் வளைகிற இடத்தில் நின்றது.

"பாப்பா, இங்கதானே என் பாத்தி கீது? இன்னா மஞ்சளா போட்டு வெச்சிகீற?"

மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று வரைபடத்தின் மூலையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். உற்சாகமாக அதை வாசித்தும் காட்டினேன்.

"மஞ்சள்னா காலி இடம்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த கூடையைப் பார்த்தார். கூடையில் கட்டுக்கட்டாக முளைக்கீரை, வேரில் மண்ணோடு.

"அப்ப இத்த எங்கருந்து புடுங்கிகினு வந்தேன்? ஆகாசத்துலருந்தா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மஞ்சள் கட்டத்துக்குள் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே சிரித்தேன்.

மூன்று பச்சைப் பொட்டுகள்

பத்திரிகையில் வாராவாரம் வரும் இந்தத் தொடரில் நான் செய்த நல்ல காரியங்களை மட்டுமே எழுதிவருவதாக நைனாவுக்கு ஒரு குறை. நைனா என்றால் என் அப்பா. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கேட்டுக்கு வெளியே வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது பத்திரிகையை ஸ்டியரிங் மேல் விரித்துவைத்துப் படிப்பார். போன வாரம் போன் போட்டார்.

"இன்னாம்மே, எல்லா வாரமும் நீயே ஜெயிக்கிற? ஒரு வாரமாவது தப்பு பண்ணதா எழுது. படிக்கிறவன் கொஞ்சம் குஷியா இருப்பான்ல?"

நைனாவின் குஷிக்காக இந்த வாரம்.

கல்லூரியில் நகரமைப்பு படித்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் அண்ணா சாலைக்குத் தெற்கே கண்ணாடிக் கட்டடங்களில் சேர, நான் பிறந்த பேட்டையை மாற்றிக்காட்டுவேன் என்று ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலைக்குப் பெயர் 'நீடித்த வளர்ச்சிக்கான வட்டாரத் திட்டமிடல்'. அதாவது மக்களைக் கூட்டி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதுவது. அம்மாவிடம் இதை விளக்கினேன்.

"கேட்டு எழுதிகினு வர்றதுக்கா அஞ்சு வருசம் படிச்ச?" என்றாள்.

கேட்பது அவ்வளவு சுலபமில்லை. எங்களுக்கு நிதி தருகிற தலைமை அலுவலகம் அந்த ஆண்டு 'நகரத்தில் விவசாயத்துக்கு ஆதரவு' என்று முடிவு செய்திருந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் கரித்தூசி, மணலிப் பக்கமிருந்து அடித்தால் கேஸ் வாடை, இரண்டும் இல்லாவிட்டால் லாரிப் புகை. இங்கே விவசாயமா என்று வேறு யாராவது ஒரு நிமிடம் நின்றிருப்பார்கள். நான் துள்ளிக் குதித்தேன்.

அக்கா வரைபடத்தைத் தொட்ட அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் மூன்று பச்சைப் பொட்டு கொடுத்தோம். ஒட்டுகிற பொட்டு. சுவரில் ஒரு தாள். அதில் மூன்று பெரிய கட்டங்கள்: மாடித்தோட்டம், உரக்கிடங்கு, நகர்ப்புற வேளாண் ஆதரவு மையம். கீழே ஓரமாகத் தீப்பெட்டி அளவில் இன்னொரு கட்டம்: பிற.

"கொயாவுல தண்ணி வரட்டும், அப்பாலிக்கா மாடில தோட்டம் வெக்கிறோம்" என்றார் முன்வரிசைப் பெண்மணி.

"எங்க வூட்டுக்கு மாடியே இல்லியே, நாங்க எங்க வெக்கிறது? லாரி மேலயா?" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

தண்ணீர் என்றால் 'பிற'. சாக்கடை என்றால் 'பிற'. சந்துக்குள் லாரியை நிறுத்துகிறார்கள் என்றால் அதுவும் 'பிற'. எல்லோரும் போய்ப் பிறவில் ஒட்டினார்கள். கையில் மிஞ்சியதைத்தான் பெரிய கட்டங்களில் ஒட்டினார்கள். கட்டம் சின்னது. பொட்டு மேல் பொட்டாக ஏறி ஒரு சிறு மேடே எழும்பிவிட்டது. எண்ணும்போது மேலே கண்ணுக்குத் தெரிந்த பொட்டுகளை மட்டும் எண்ணினோம். நான்தான் எண்ணினேன்.

வேளாண் ஆதரவு மையம் ஜெயித்தது.

மையத்துக்கு இடம் வேண்டும். வரைபடத்தில் மஞ்சள் எங்கே என்று தேடினால், சொல்லும்படியாக ஒரே ஒரு துண்டுதான். எங்கள் ஒருங்கிணைப்பாளர் சந்தோஷ் சார் அதன் மேல் ஸ்கேலை வைத்துத் தட்டி, "கை தூக்குங்க" என்றார். டீயும் சமோசாவும் வந்து வாசலில் காத்திருந்தன. கைகள் தூக்கப்பட்டன.

பிலோமி அக்காவும் கை தூக்கினார். ஆனால் அது வேறு கை.

"சார், அது என் பாத்தி சார். அங்க இன்னாத்துக்கு கட்டடம்?"

சந்தோஷ் சார் எதற்குப் பதில் சொன்னாலும் 'அருமை' என்றுதான் ஆரம்பிப்பார். "அருமையான கேள்விம்மா. விவசாயம் செய்றவங்களுக்கு ஆதரவு மையம். முதல் பயனாளியே நீங்கதான்."

"ஆதரவு நல்லா குடுங்க சார், வேணாங்கல. நான் கீரைய எங்க போடறது?"

கூட்டக் குறிப்பில் நான் எழுதியது இது: 'பங்கேற்பாளர் ஒருவர் தேர்வு செய்யப்பட்ட இடம் குறித்துப் பயனுள்ள தகவல்களைப் பகிர்ந்தார்.'

மண்ணுக்கு லீவு

தவறு எப்படி நடந்தது என்று அப்போதே போய்ப் பார்த்திருக்கலாம். மறுநாள்தான் போனேன். சமோசா எண்ணிக்கையில் ஏதோ குளறுபடி, அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

கால்வாய்க்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஆறு சென்ட் நிலம். பன்னிரண்டு பாத்தி. யாருடைய நிலம் என்று கேட்டால் மூன்று அலுவலகங்கள் உண்டு, ஒவ்வொன்றும் மற்ற இரண்டைக் கைகாட்டும். அக்காவின் கணவர் யார்டில் மூட்டை தூக்கிய காலத்தில் அங்கே கிடந்த ஜல்லியையும் கண்ணாடியையும் இருவருமாகப் பொறுக்கி எடுத்து மண்ணை வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு அவருக்கு முதுகு போய்விட்டது. வீடு ஓடுவது இந்த ஆறு சென்ட்டில்தான். மகள் நர்சிங் படிப்பதும் இதில்தான்.

கால்வாய்த் தண்ணீரை அக்கா தொடமாட்டார். "அது கலீஜ். அத்த ஊத்துனா கீரை வராது, வியாதிதான் வரும்." மூலையில் ஒரு அடிபம்பு. அடித்து அடித்துக் குடத்தில் சுமந்து ஊற்றுவார்.

"நான் வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்லையேக்கா" என்றேன். உண்மைதான். நான் கணக்கெடுக்க வந்த மதியம் அங்கே ஒரு புல்கூட இல்லை. கொத்திப் புரட்டிய மண், வெறும் மண். இவ்வளவு சுத்தமான காலி இடம் கொருக்குப்பேட்டையிலா என்று வியந்து, கூடுதலாக இரண்டு படம் எடுத்ததுகூட நினைவிருக்கிறது.

"எப்ப வந்த?"

சொன்னேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அது மண்ணுக்கு லீவு பாப்பா."

மூன்று தரம் கீரை போட்டால் ஒரு தரம் மண்ணுக்கு லீவு. பன்னிரண்டு பாத்தியையும் மொத்தமாக வழித்துப் பிடுங்கி, கொத்திப் புரட்டி, பத்து நாள் வெயிலில் போட்டுவிடுவார். பூச்சியும் புழுவும் காய்ந்து சாகும். அந்தப் பத்து நாளும் பட்டினத்தார் தெருவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவார். பத்து நாள் முடிந்ததும் எல்லாப் பாத்தியிலும் ஒரே சமயத்தில் விதைப்பார். வருஷத்தில் சில முறை மட்டும் வருகிற அந்தப் பத்து நாளில் ஒரு நாளைத் தேடிப் பிடித்து நான் போயிருக்கிறேன்.

"யாரையாவது கேட்டியா?"

"யாரும் இல்லியேக்கா."

"லீவுன்னா ஆளு இருப்பாங்களா?"

இங்கே ஒரு பழைய கதை. ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர், அவரவர் தெருவை வரைந்து வரச் சொன்னார். மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு வீடு விடாமல் வரைந்தேன். கதவு, ஜன்னல், எதிர்வீட்டு ஆட்டோ, எல்லாம். கையெழுத்து போடும்போது அம்மா எட்டிப் பார்த்தாள். "நம்ம வூடு எங்க?" நான் உட்கார்ந்திருந்த வீட்டை விட்டுவிட்டேன். டீச்சர் முழு மதிப்பெண் கொடுத்தார். படிப்பு என்னை அந்த வழியாகத்தான் கூட்டிவந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கெடுத்த அன்றைக்கு இரவு எங்கள் வீட்டில் குழம்பு, ரசம். கீரை ஏன் இல்லை என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "டோல்கேட்ல கீரைக்காரம்மா பத்து நாளா வரல" என்றாள். நான் தலையாட்டிவிட்டு, காலி இடத்துக்கு மஞ்சள் பூச உட்கார்ந்தேன்.

பயிர் என்றால் எவ்வளவு பயிர்?

தவறைத் திருத்த ஒரு படிவம் இருந்தது. படிவத்தை வடிவமைத்தது நான். திருத்தம் கேட்பவர் நிலத்தில் பயிர் நிற்பதைக் அரசுக் கள ஆய்வாளர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நிற்கும் பயிர் குறைந்தது ஐந்து சென்ட் இருக்க வேண்டும். துளசிச் செடி வைத்திருப்பவர்கள் எல்லாம் விவசாயி என்று கிளம்பிவிடக் கூடாது என்று முன்யோசனையோடு அந்த வரியைச் சேர்த்ததும் நான்தான். அப்போது சந்தோஷ் சார் "அருமை" என்றார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நேரம், அக்கா அடுத்த லீவை முடித்துப் பன்னிரண்டு பாத்தியிலும் முளைக்கீரை விதைத்திருந்தார். முளைக்கீரைக்கு இருபத்திரண்டு, மிஞ்சினால் இருபத்தைந்து நாள். அதற்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். ஆய்வாளருக்கு போன் போட்டேன். இருபத்திரண்டாம் நாள் காலையில் வருவதாகச் சொன்னார். நாட்காட்டியே எங்கள் பக்கம் நிற்பதாகக் குதித்தேன்.

இருபத்திரண்டாம் நாள் பாத்திகளைப் பார்த்திருக்க வேண்டும். தண்டவாளத்துக் கறுப்புக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பச்சை. போகிற சரக்கு ரயிலின் கார்டு எட்டிப் பார்த்துக் கையசைத்தார். ஆய்வாளர் மட்டும் வரவில்லை. வேறொரு கூட்டம், நாளை மறுநாள் என்றார்.

"பாப்பா, இன்னிக்கு புடுங்குனா கொயந்தைக்கே கடைஞ்சி ஊட்டலாம்" என்றார் அக்கா.

"ரெண்டே நாள்க்கா. புடுங்கிட்டா மறுபடி காலி இடம்னு எழுதிடுவாங்க."

"பாதி புடுங்கிக்கிறனே?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு சென்ட்டில் பன்னிரண்டு பாத்தி. ஐந்து சென்ட் நிற்க வேண்டும் என்றால் பத்துப் பாத்தி நிற்க வேண்டும். "ரெண்டு பாத்திக்கு மேல கூடாதுக்கா."

"யார்ரா இப்டி ரூலு போட்டது? அவன் கைல கெடச்சான்..."

நான் கால்வாயைப் பார்த்தேன். கால்வாயில் பார்க்க எதுவும் இல்லை.

ரெண்டு பாத்திக் கீரை ஒரே நாளில் தீர்ந்தது. இருபத்தைந்தாம் நாளும் ஆய்வாளர் வரவில்லை. படங்களை எடுத்து, இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி அனுப்பினேன். 'நேரடி ஆய்வுக்கு உட்பட்டது' என்று பதில் வந்தது. அந்த வாசகத்தையும் எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. படிவத்தின் கடைசி வரி. என்னுடையதேதான்.

முப்பதாம் நாள் தண்டில் நார் விழுந்தது. அக்கா கிள்ளிக் காட்டினார். கிள்ளவே வரவில்லை. டோல்கேட்டில் அவருக்கென்று நிற்கிற வாடிக்கைக்காரர்கள், அறுவடை வர வேண்டிய நாள் தாண்டி நான்கைந்து நாள் பார்த்துவிட்டு வேறு கூடைக்குப் போய்விட்டார்கள். என் அம்மாவும் போய்விட்டாள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் கீரை என் இடுப்பைத் தொட்டது. யாருடைய ஆடுகளோ வந்தன. அரசாங்கம் வந்து பார்க்கிற வரைக்கும் பயிரைக் காக்க வேண்டுமே என்று நானும் ஒரு குச்சியோடு நின்றேன். நகரமைப்பில் முதல் வகுப்பில் தேறியவள், ஆடு விரட்டிக்கொண்டு. அந்த வழியாகப் போன நைனாவின் லாரி ஹாரன் அடித்தது. வேண்டுமென்றே நீளமாக.

"பாப்பா, போதும். இத்த புடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டு அடுத்த வெதைய தூவுறேன். வூட்ல அரிசி இல்ல."

"அக்கா, இந்த ஒரு முறை மட்டும். அவர் வந்து பாத்துட்டார்னா ஆயுசுக்கும் இது உங்க பாத்தி. பச்சையா மாத்திடுவேன்."

அக்கா வெறுங்கூடையை வரப்பில் கவிழ்த்துவைத்தார். அப்புறம், "சரி, உனுக்காக" என்றார். இவ்வளவு நடந்த பிறகும் எனக்காக.

ஐயா வந்தார்

நாற்பத்தோராம் நாள் ஆய்வாளர் வந்தார். மரியாதையான மனிதர். ஷூவில் சேறு படாமல் வரப்பில் ஒரு காலும் ஜல்லியில் ஒரு காலுமாக நின்றார். அவருக்கு முன்னால் நெஞ்சுயரத்துக்குத் தண்டுகள். இலையெல்லாம் ஓட்டை. உச்சியில் கதிர்கதிராகப் பூ.

"இதுதான் பயிரா?"

"முளைக்கீரை சார்" என்றேன்.

"முளைக்கீரை எனக்குத் தெரியும்மா. எங்க வீட்ல வாரத்துக்கு மூணு நாள். இத்துனூண்டு இருக்கும்." விரலை விரித்துக் காட்டினார். "இது ஏதோ காட்டுச் செடி."

பிலோமி அக்கா ஒரு தண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தார். வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து வந்தது. ஆய்வாளர் முன்னால் நீட்டினார்.

"சார், நீங்க சொன்ன தேதிக்கு வந்திருந்தா இத்துனூண்டுதான் சார் இருந்துச்சி. உங்க வூட்டுக்கே ஒரு கட்டு குட்து அனுப்சிருப்பேன். உங்களுக்காகத்தான் சார் இத்த வளர வுட்டேன்."

"எனக்காகவா?"

"ஆமா. நீங்க பாக்கணும்னு பாப்பா சொல்லிச்சி."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் படிவம், விதி, ஐந்து சென்ட் என்று ஏதேதோ வேகமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பொறுமையாகவே சொன்னார்: "விவசாயின்னா விளைஞ்சதை அறுப்பாங்கம்மா. அறுக்காம விட்டா அதுக்குப் பேர் புதர். வரைபடத்துல காலின்னு இருக்கு, நேர்ல புதரா இருக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது.

அவர் போன பிறகு அக்கா அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

"வெத நல்லா புடிச்சிகீது" என்றார் கதிரைத் தேய்த்துப் பார்த்து. கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக உள்ளங்கையில் உருண்டன. சேலைத் தலைப்பை விரித்து உதிர்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்து நானும் துப்பட்டாவை விரித்தேன். இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் உதிர்த்தோம்.

சான்றிதழ்

கம்பி வேலி வேகமாக வந்தது. அதைவிட வேகமாகப் பலகை வந்தது: 'நகர்ப்புற வேளாண் ஆதரவு மையம் அமையவுள்ள இடம்'. ஒரு ஓரத்தில் சிரிக்கிற விவசாயி படம். அடிபம்பின் கைப்பிடியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.

சந்தோஷ் சார் சொன்ன வார்த்தை தவறவில்லை. முதல் பயனாளியாகப் பிலோமி அக்காவின் பெயரே இருந்தது. ஆனால் பயனாளி ஆவதற்கு மூன்று நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தலைப்பு 'கீரை வளர்ப்பு: ஓர் அறிமுகம்'. நான் போய்க் கூப்பிட்டேன். எந்த முகத்தோடு என்று கேட்காதீர்கள். மையம் வந்தால் செயல்விளக்கப் பாத்தி ஒன்று இருக்கும், அதையாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

வந்தார். மூன்று நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பயிற்றுநர் ஒரு பிளாஸ்டிக் பையில் தேங்காய் நார்க்கழிவைப் போட்டு, விதையை விரலால் ஒவ்வொன்றாக ஊன்றினார்.

"அப்டி ஊனுனா மூச்சு முட்டும் சார். மண்ணோட கலந்து தூவி வுடணும்" என்றார் அக்கா.

"கேள்விகளைக் கடைசியில கேளுங்கம்மா."

கடைசியில் கேட்டார். "எத்தினி நாள்ல புடுங்கணும் சார்?"

பயிற்றுநர் தாளைப் புரட்டினார். "நாற்பது நாள் வரைக்கும் விடலாம்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். மூன்று நாளில் அந்த ஒரு தடவைதான் சிரித்தார். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

சான்றிதழ் கொடுத்தோம். லேமினேஷன் செய்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கெட்டியா ஷோக்கா கீது" என்று சொல்லி விசிறிக்கொண்டார். மின்விசிறி ஓடவில்லை. தண்ணீரும் மின்சாரமும் 'பிற'வில் இருந்தன.

அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். கணவர் மட்டும் படுத்திருந்தார். "வேலைக்குப் போயிகீது" என்றார். எங்கே என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மையம் இன்னும் கட்டப்படவில்லை. வேலிக்குள் இப்போது உண்மையிலேயே புதர். நான் அந்த நிறுவனத்தில்தான் இன்னும் இருக்கிறேன். விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான், நைனா இதைப் படிப்பார். படிவத்திலிருந்த ஐந்து சென்ட் வரியை எடுக்கச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன். "அருமை" என்று நான்கு பதில் வந்தது.

டோல்கேட்டில்

சில மாதம் கழித்து ஒரு காலை. டோல்கேட் சிக்னலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க லாரி. பெட்டிக்கடை ஓரமாக ஒரு கூட்டம், நடுவில் தெரிந்த குரல்.

"அய்ய, கட்ட அமுக்காத அண்ணாத்த. கீரை இன்னா பஞ்சு மெத்தயா?"

பிலோமி அக்கா. கூடை நிறைய முளைக்கீரை. என் விரல் நீளம்கூட இல்லாத, கிள்ளினால் தண்ணீர் தெறிக்கிற இளசு. கூட்டம் கலைகிற வரைக்கும் ஒதுங்கி நின்றேன்.

"இன்னா பாப்பா, எளச்சிப் போயிட்ட? நாஷ்டா துன்றதில்லியா?"

எதுவுமே நடக்காத மாதிரி கேட்டார். அப்படிக் கேட்டாலும் என் புத்தி போகுமா? அடுத்த நொடியே கேட்டுவிட்டேன்.

"அக்கா, இது எங்க போட்டது? யாரு எடம்? தண்ணி வசதி இருக்கா? எத்தனை பாத்தி?"

அக்கா ஒரு கட்டை எடுத்துத் தண்ணீர் தெளித்து உதறினார்.

"சொல்ல மாட்டேன்."

"நான் யாருகிட்டயும்..."

"நீ நல்ல பொண்ணு பாப்பா. நான் உன்னிய ஒரு வார்த்தை தப்பா சொல்லமாட்டேன். ஆனா ஒன்னாண்ட சொன்னா நீ சும்மா இருக்க மாட்ட. எனுக்கு நல்லது பண்ண வந்துடுவ." கட்டை என் பைக்குள் திணித்தார். "தோ பார், எடுத்துகினு போ. ஒங்கம்மாகிட்ட நான் வந்துட்டேன்னு சொல்லு. அந்தாண்ட கூடையில வாங்குறத நிறுத்தச் சொல்லு."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

சமையலறையில் கட்டைப் பிரித்தேன். வேரில் மண் ஒட்டியிருந்தது. கொருக்குப்பேட்டை மண் இல்லை. கரி இல்லாத, பொடிப்பொடியான மண். நடுவில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். முகர்ந்தேன். பேட்டையைச் சுற்றியுள்ள இடங்களின் மண்ணெல்லாம் எனக்கு அத்துப்படி. கணக்கெடுப்புக்காக எல்லா இடத்திலும் பிடிப்பிடியாக அள்ளிப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். இப்படிப்பட்ட மண் இரண்டே இடத்தில்தான் உண்டு. அதில் ஒன்றில் நல்ல தண்ணீர் கிடையாது.

ஆக, எனக்குத் தெரிந்துவிட்டது.

குழாயில் தண்ணீர் இல்லை. குடத்திலிருந்து மொண்டு ஊற்றி, வேர்வேராக அலசினேன். முதல் தண்ணீர் கலங்கலாகப் போனது. இரண்டாவதும் கொஞ்சம் கலங்கல். மூன்றாவது தண்ணீர் தெளிந்து, எந்த ஊர்க் கீரை என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆகும்வரை அலசிக்கொண்டே இருந்தேன்.